இலைக் கணக்கை முதலில் போடுங்கள்

கேள்வி: தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அப்பா இல்லை. அம்மாவுக்குக் குடும்பப் பென்ஷன் வருகிறது. நான் எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறேன், மாதம் 24,000 ரூபாய். புது வண்ணாரப்பேட்டையில் வாடகை வீடு. மாப்பிள்ளை வீடு திருவொற்றியூர். கையில் ஐந்தரை லட்சம் இருக்கிறது. ஏலச் சீட்டில் ஒன்றரை லட்சம் வரும். அம்மாவிடம் 12 சவரன் பழைய நகை உண்டு. பட்டியல் போட்டால் பத்து லட்சம் வருகிறது. 300 பத்திரிகை, 600 பேர் என்று கணக்கு. குறைகிற 3 லட்சத்தைத் தெரிந்தவர் ஒருவர் 3 வட்டிக்குத் தருவதாகச் சொல்கிறார். நகை எவ்வளவு என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்கவில்லை. "உங்க பொண்ணுக்குப் போடுறதைப் போடுங்க" என்கிறார்கள். ரிசப்ஷனுக்குப் பிரியாணி வேண்டும் என்கிறார்கள். கார்த்திகையா தையா என்று முடிவாகவில்லை. கடன் வாங்கலாமா? எதைக் குறைப்பது?

– வாசகர், புது வண்ணாரப்பேட்டை

பதில்:

கடன் வேண்டாம். 3 வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய். 3 லட்சத்துக்கு மாதம் 9,000. உங்கள் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வட்டிக்கே போய்விடும். இரண்டு வருடத்தில் 2,16,000 ரூபாய் கட்டியிருப்பீர்கள், முதல் 3 லட்சம் அப்படியே நிற்கும். அம்மாவின் மருந்துச் செலவும் நாளைக்கு உங்கள் கல்யாணமும் அந்தச் சம்பளத்தில்தான் நடக்க வேண்டும். உங்களிடம் இருக்கிற 7 லட்சத்துக்குள் இந்தக் கல்யாணம் குறைவில்லாமல் நடக்கும். இனி சொல்வதெல்லாம் அதற்கான கணக்கு.

பத்து லட்சம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 600 பேர் என்று ஒரு எண்ணை எழுதினீர்கள். அதற்கேற்ற மண்டபம், அதற்கேற்ற சாப்பாடு, அத்தனை தாம்பூலப் பை, அத்தனை தண்ணீர் பாட்டில், இரண்டு வேன் என்று மற்றதெல்லாம் அந்த எண்ணுக்குப் பின்னால் வரிசையாக வந்து நின்றுவிட்டது. அந்த 600-ஐ யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. 300 பத்திரிகையை இரண்டால் பெருக்கியதோடு சரி.

அம்மாவையும் தங்கையையும் உட்கார வைத்து ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தி, கட்டாயம் வருகிறவர்கள்: பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை குடும்பங்கள், பக்கத்து வீடுகள். இரண்டாவது, "வருவாங்க" என்று நினைப்பவர்கள்: தங்கையின் தோழிகள், உங்கள் யார்டு நண்பர்கள், அப்பாவோடு வேலை பார்த்தவர்கள். மூன்றாவது, சொல்லியாக வேண்டியவர்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் நேராக எத்தனை தலை என்று எழுதுங்கள். மாமா வீட்டில் ஐந்து பேர் வருவார்கள். யார்டு நண்பர் தனியாக வந்து சாப்பிட்டுவிட்டு ஷிஃப்டுக்குப் போய்விடுவார். முதல் பத்தியை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டாவதில் மூன்றில் இரண்டு, மூன்றாவதில் நான்கில் ஒன்று. உதாரணத்துக்கு 110, 150, 160 என்று வந்தால் உங்கள் பக்கம் 110, 100, 40. மொத்தம் 250 பேர். மாப்பிள்ளை வீட்டிலும் இதே மாதிரி எண்ணச் சொல்லுங்கள். அவர்களும் 250 என்றால் ரிசப்ஷனுக்கு 500. காலை முகூர்த்தத்துக்கு இந்தக் கூட்டம் வராது. வேலைக்குப் போகிறவர்கள் முந்தின நாள் மாலையே வந்து தலைகாட்டிவிடுவார்கள். காலை டிபனுக்கு 180, மதிய இலைக்கு 220 போதும்.

சமையல் கான்ட்ராக்டரிடம் 500 என்று சொல்லாதீர்கள். அவரிடம் பேச வேண்டிய எண் இரண்டு. ஒன்று உறுதி எண்ணிக்கை: ஆள் குறைந்தாலும் இவ்வளவுக்குப் பணம் தருவோம் என்பது. இன்னொன்று தயார் எண்ணிக்கை: ஆள் கூடினால் இதுவரை சமாளிக்க வேண்டும் என்பது. ரிசப்ஷனுக்கு உறுதி 420, தயார் 500 என்று எழுதி வாங்குங்கள். கூடுகிற ஒவ்வொரு தட்டுக்கும் அதே விலைதான் என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். இது இல்லாததால்தான் இரவு பத்தரை மணிக்கு, பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றுகொண்டு, "560 தட்டு ஓடியிருக்கு சார்" என்று அவர் சொல்ல, நீங்கள் தலையைச் சொறிய வேண்டி வருகிறது. தட்டையும் இலையையும் பந்திக்கு முன்பே உங்கள் ஆள் ஒருவர் எண்ணி, இத்தனை என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடட்டும். முடிந்ததும் மீதியை எண்ணினால் ஓடியது தெரிந்துவிடும். கழுவிய தட்டைத் திரும்பப் பந்திக்கு எடுத்தால் அந்த எண்ணிக்கையைத் தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.

பிரியாணிக்கு வருகிறேன். வடசென்னையில் அது இல்லாமல் ரிசப்ஷனா என்று கேட்கும் வீடுகள் நிறைய. போடுங்கள், ஆனால் கோழி போடுங்கள். ஒரு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ ஆட்டுக்கறி என்பது நல்ல பிரியாணிக்கான அளவு. அது எட்டுத் தட்டு வரும். நீங்கள் வாங்கும் கறி விலையை எட்டால் வகுத்துப் பாருங்கள், கறிக்கு மட்டுமே தட்டுக்கு 100 ரூபாயைத் தாண்டிவிடும். கோழி என்றால் ஒரு கிலோ அரிசிக்கு ஒன்றேகால் கிலோ எடுத்து, கிலோவுக்குப் பதின்மூன்று துண்டாக வெட்டினால் தட்டுக்கு ஒரு பெரிய துண்டும் கூட ஒரு சின்னத் துண்டும் விழும். 420-இல் 40 பேர் சைவம் என்று வைத்தால் 380 தட்டு, 48 கிலோ அரிசி. கறியை உங்கள் கண்முன் எடை போடச் சொல்லுங்கள். அரிசி எடையைச் சொல்லிவிட்டுக் கறியைக் குறைப்பதுதான் வழக்கமாக நடக்கிற கோளாறு. பந்தியில் "பீஸே இல்ல" என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்புகிறது.

48 கிலோவையும் ஒரே நேரத்தில் தம் போட விடாதீர்கள். பத்துப் பத்து கிலோவாக ஐந்து டேக்சா (பெரிய பிரியாணிப் பாத்திரம்). முதல் இரண்டு 7 மணிக்குப் பிரியட்டும், அடுத்த இரண்டு எட்டேகாலுக்கு, கடைசி ஒன்று ஒன்பதேகாலுக்கு. எல்லாம் ஆறரைக்கே தயாராகிவிட்டால் ஒன்பது மணிக்கு வருகிறவர் அடிப்பிடித்த, காய்ந்த சோற்றைத்தான் சாப்பிடுவார். ஆள் வராவிட்டால் ஐந்தாவது டேக்சாவை ஏற்றாமலே நிறுத்திவிடலாம் என்ற லாபமும் உண்டு. கூட கத்தரிக்காய்த் தொக்கு, வெங்காயப் பச்சடி, பிரெட் அல்வா போதும். பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இட்லியும் தயிர் சாதமும் தனியாக இருக்கட்டும். சைவக்காரர்களுக்கு வேறு மேசை, வேறு கரண்டி.

இதற்கெல்லாம் முன்னால் மண்டபத்தில் அசைவம் அனுமதி உண்டா என்று கேளுங்கள். பல மண்டபங்களில் கிடையாது. அட்வான்ஸ் கட்டிய பிறகு தெரிந்து தவிப்பவர்கள் அதிகம். இரண்டு வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டுவிடுங்கள். முகூர்த்தத்துக்கு முந்தின இரவு அசைவம் வேண்டாம் என்பவர்கள் இருந்தால், ரிசப்ஷனைச் சைவமாக்கிவிட்டு, கறிச்சோறை மறுவீட்டு விருந்துக்கு வைத்துக்கொள்ளலாம். அது 60, 70 பேரோடு முடிந்துவிடும். செலவும் நன்றாக இறங்கும்.

மதிய இலைக்கு 100 பேருக்குப் பொன்னி அரிசி 10 கிலோ, சாம்பாருக்கும் கூட்டுக்கும் சேர்த்துத் துவரம்பருப்பு 3 கிலோ, ஒவ்வொரு பொரியலுக்கும் காய் 6 கிலோ, தயிர் 7 கிலோ, பாயசம் தலைக்கு 100 மில்லி. கான்ட்ராக்டர் சொல்லும் அளவை இதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 21 வகை வேண்டாம், 14 வகையைச் சூடாகப் போடட்டும்.

மண்டபத்தில் வாடகையை மட்டும் பார்க்காதீர்கள். பார்க்க வேண்டியது சாப்பாட்டுக் கூடம். 120 பேர் உட்காரும் கூடத்தில் ஒரு பந்திக்கு 35 நிமிடம். 420 பேருக்கு நான்கு பந்தி, இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 80 பேர் கூடம் என்றால் ஆறு பந்தி, மூன்றரை மணி நேரம். மாடிப்படியில் வரிசை நிற்கும், பசியோடு சிலர் வெளியே போய்விடுவார்கள். வாடகைக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., கரன்ட் யூனிட், ஜெனரேட்டர் மணிக்கு இவ்வளவு, கிளீனிங், கேஸ், வெளிச் சமையலுக்குத் தனிக் கட்டணம் என்று என்னென்ன சேரும் என்பதை ரசீதின் பின்பக்கமாவது எழுதச் சொல்லுங்கள். ஏசி எத்தனை மணி நேரம் என்பதும் அதில் வர வேண்டும். சாவி வாங்கிய நிமிடமே மின் மீட்டரையும் ஜெனரேட்டர் மணிக்கணக்கையும் போனில் படம் எடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது இன்னொரு படம். இந்த இரண்டு படம் இல்லாமல் கரன்ட் கணக்கில் வாதாட முடியாது.

இடம் தேடும்போது மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் பாருங்கள். 2021-இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்டது. தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டை, தேரடி எல்லாம் அதே தடம். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வருகிறவர்கள் ரயிலில் வரட்டும். வேன் ஒன்று போதும், அதுவும் வயதானவர்களுக்கு. மாநகராட்சியின் சமுதாய நலக்கூடங்களையும் கேட்டுப் பாருங்கள். வாடகை நன்றாகக் குறையும். சமையல் இட வசதியை மட்டும் நேரில் பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது மாப்பிள்ளை வீட்டோடு பேசுவது. இதைத் தள்ளிப்போடுகிறீர்கள் என்று கடிதத்திலேயே தெரிகிறது. மண்டபமும் ரிசப்ஷன் சாப்பாடும் இரண்டு வீட்டுக்கும் பொது, சரிபாதி. முகூர்த்தச் சாப்பாடு எங்களுடையது. தாலியும் கூறைப்புடவையும் உங்களுடையது என்று ஒரு தாளில் எழுதி, தாய்மாமாவையோ சித்தப்பாவையோ அழைத்துப் போய்ப் பேசுங்கள். நீங்கள் தனியாகப் போனால் "தம்பி, பெரியவங்ககிட்ட பேசிக்கிறோம்" என்று முடித்துவிடுவார்கள். கேட்பதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. கல்யாணம் இரண்டு வீட்டுக்கும்தான்.

"போடுறதைப் போடுங்க" என்ற பேச்சைக் கேட்டதும் வீட்டில் எல்லோருக்கும் பயம் வந்து, சவரன் கணக்கு ஏறும். அதற்கு இடம் கொடுக்காமல், "அம்மாவோட நகையில 8 சவரன் தங்கச்சிக்குப் போடுறோம்" என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் கேட்டால் அது வரதட்சணை. 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி கேட்பதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். தங்கைக்கு விருப்பப்பட்டுத் தருகிற நகை, சாமான் எல்லாவற்றையும் பட்டியல் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தின் விதியில் இருக்கிறது. நகைக்கு எடையோடு எழுதி, படமும் எடுத்து வையுங்கள்.

அந்த 8 சவரனைப் புது டிசைனுக்கு மாற்றாதீர்கள். 64 கிராமுக்கு 12 சதவீதம் சேதாரம் போட்டால் 7.68 கிராம். கிட்டத்தட்ட ஒரு சவரன் காற்றில் போகிறது, அதன்மேல் 3 சதவீதம் ஜி.எஸ்.டி. ஹால்மார்க் இல்லாத காலத்து நகை என்றால் உரசிப் பார்த்துத் தரமும் குறைவாகச் சொல்வார்கள். பாலிஷ் போட்டு, திருகு, கொக்கி மட்டும் சரிபார்த்தால் புதிது போல இருக்கும். மாற்றியே ஆக வேண்டியது மாப்பிள்ளை மோதிரம் ஒன்றுதான். அதற்கு ஒரு சவரன். புது மோதிரத்தில் ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. குறி (ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியான ஹால்மார்க் அடையாளம்) இருக்கிறதா பாருங்கள், 2023 ஏப்ரலிலிருந்து அது இல்லாமல் விற்கக் கூடாது. மீதி 3 சவரன் அம்மாவிடமே இருக்கட்டும். கடைசி நேரத்தில் அவசரம் வந்தால் அதை வங்கியில் வைத்துப் புரட்டலாம். 3 வட்டிக்காரரிடம் போவதைவிட நூறு மடங்கு நல்லது.

இப்போது மொத்தம். கீழே இருப்பது உங்கள் கையிருப்புக்கு நான் போடும் உச்சவரம்பு. கடைக்காரர் சொல்லும் விலை இதைத் தாண்டினால் பொருளைக் குறையுங்கள், தொகையைக் கூட்டாதீர்கள். மண்டபம் எல்லாம் சேர்த்து 1,40,000, உங்கள் பாதி 70,000. ரிசப்ஷன் 420 தட்டு, 280 ரூபாய் வீதம் 1,17,600, உங்கள் பாதி 58,800. டிபன் 180 பேருக்கு 120 ரூபாய் வீதம், இலை 220 பேருக்கு 230 ரூபாய் வீதம், இரண்டும் 72,200. மேடை, பூ, லைட் 45,000. போட்டோ, வீடியோ 50,000. மேளமும் ஐயரும் 25,000. பத்திரிகை, தாம்பூலப் பை 12,000. துணி 90,000. சீர் சாமான் 80,000. மேக்கப், வேன், தங்க வைக்கும் அறை 40,000. கூட்டினால் 5,43,000. சீட்டுப் பணம் வராமலே கையிருப்பில் அடங்குகிறது. சீட்டு வந்ததும் 70,000-ஐத் தனியாக எடுத்து வையுங்கள். பந்தக்கால், நலங்கு, சீர்த்தட்டுப் பழங்கள், ஆரத்தித் தட்டு, பரிமாறுகிறவர்களுக்கு அன்பளிப்பு என்று பட்டியலில் பெயரே இல்லாத செலவுகள் அதைச் சாப்பிடும். இன்னும் 87,000 மிஞ்சும். அதைத் தொடாதீர்கள். ஆடிச் சீரும் தலை தீபாவளியும் பின்னால் வருகின்றன, கல்யாண பட்ஜெட்டில் அவற்றை எழுதுபவர்கள் குறைவு.

மாப்பிள்ளை வீட்டில் பாதி தர மறுத்தால் 1,28,800 கூடும், தனியாக எடுத்து வைத்த 70,000-ஐயும் சேர்த்தே மிச்சம் 28,000 சொச்சம்தான். அப்போது முதலில் வெட்ட வேண்டியது சீர் சாமான். கட்டில், பீரோவை அவர்கள் குடித்தனம் வைத்த பிறகு, இடம் பார்த்து வாங்கலாம். அடுத்து வீடியோ.

நாள் விஷயத்தில் தை என்பதே என் யோசனை. கார்த்திகை மழைக்காலத்தின் நடுவில் விழுகிறது. ஒரு நாள் கொட்டினால் கணேசபுரம் சுரங்கப்பாதை மூடிவிடும், தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும். 420 தட்டுக்குப் பணம் கட்டிவிட்டு 150 பேருக்குப் பரிமாறுவீர்கள். தையில் மண்டபத்துக்குப் போட்டி இருக்கும், அதனால் வார நாள் முகூர்த்தம் கேளுங்கள். தையில் மல்லிப்பூ விளைச்சல் குறைந்து விலை ஏறி நிற்கும். மேடைக்கும் வாசலுக்கும் செவ்வந்தி, சம்பங்கி, ரோஜா என்று சொல்லிவிட்டு, மல்லியைத் தங்கையின் தலைக்கும் நெருங்கிய பெண்களுக்கும் மட்டும் வையுங்கள். உதிரிப்பூவுக்குப் பூக்கடைப் பக்கம் விசாரியுங்கள்.

துணிக்குப் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு, பத்திரிகைக்குப் பாரிமுனை ஆண்டர்சன் தெரு. இரண்டும் உங்களுக்குப் பக்கம். பத்திரிகை 200 போதும், மற்றவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு போனில் அழையுங்கள்.

சீட்டை முகூர்த்தத்துக்கு முந்தின மாதம் எடுக்காதீர்கள். தை வரும்போது எல்லோருக்கும் பணம் தேவைப்படும், தள்ளு (ஏலத்தில் விட்டுக்கொடுக்கிற தொகை) அதிகம் போகும். ஐப்பசியிலேயே கேளுங்கள். மொய்யை வரவில் எழுத வேண்டாம். அது வருவதற்குள் எல்லோருக்கும் பாக்கி கொடுத்தாக வேண்டும். தவிர, அது திருப்பிச் செய்ய வேண்டிய கடன். அரசு தாலித் தங்கத்தை அம்மா நினைத்துக்கொண்டிருக்கலாம். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவி 2022-இல் மாணவிகளின் உயர்கல்வி உதவியாக மாற்றப்பட்டுவிட்டது. ஏழை விதவையர் மகளுக்கான திருமண உதவி தனியாக உண்டு, ஆனால் அதற்கு வருமான வரம்பு இருக்கிறது. உங்கள் சம்பளமும் பென்ஷனும் சேர்ந்து அதைத் தாண்டிவிடும்.

கடைசி நாள் பணத்தை நீங்கள் கையில் வைத்திருக்காதீர்கள். பெண்ணுக்கு அண்ணன் நீங்கள், பொரி இட வேண்டும், மாப்பிள்ளைக்கு மோதிரம் போட வேண்டும். அந்த நேரத்தில் லைட்காரர் வந்து பாக்கி கேட்டு நிற்பார். முந்தின நாளே மேளம், ஐயர், லைட், மேக்கப், வேன் என்று தனித்தனிக் கவரில் பெயரும் பாக்கித் தொகையும் எழுதி, நிதானமான ஒரு மாமாவிடம் கொடுத்துவிடுங்கள். வாங்குகிறவர் கவரின் மேலேயே கையெழுத்துப் போடட்டும். சமையலுக்குக் கால்பங்கு முன்பணம், சாமான் எடுக்கும் வாரத்தில் பாதி, எண்ணிக்கை முடிந்த பிறகு கால்பங்கு.

திருமணத்தை 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பத்திரிகை இரண்டு, மண்டப ரசீது, முகூர்த்தப் படம் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வைக்கும்படி அம்மாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன், அந்த மூன்று பத்தி நோட்டை இந்த ஞாயிற்றுக்கிழமையே எழுதி முடித்துவிடுங்கள்.